சிப் பொருத்தும் இயந்திரம்: யமஹாவா, ஜூகியா? திருகோணமலையில் பாவிப்பவர்களின் அனுபவம்

உவர்மலை:
யானை வேலிக்கு மின்னூட்டும் கருவியின் சர்க்கிட் போர்ட். ஒன்றில் 180 பாகம், 38 வகை. மாதம் 300 போர்ட். மிகச் சிறியது 0402 (1.0 × 0.5 மி.மீ. சிப்), கடினமானது 0.5 மி.மீ. கால் இடைவெளி உள்ள ஒரு கியூஎப்பி (நான்கு பக்கமும் கால் உள்ள ஐசி). யமஹா வைஎஸ்எம்10, ஜூகி ஆர்எஸ்-1, பாவித்த ஜூகி கேஈ-2070 என்று மூன்று தெரிவு இருக்கிறது. விற்பனைத் தாளில் மணித்தியாலத்துக்கு 46,000, 42,000, 23,300 சிப் என்று போட்டிருக்கிறார்கள். எதை எடுப்பது?

சீனக்குடா:
தம்பி, அந்த எண்கள் மிகச் சாதகமான நிலையில் அளந்தவை. தலையிலுள்ள எல்லா நொசிலும் (சிப்பை உறிஞ்சிப் பிடிக்கும் முனை) ஒரே மூச்சில் சிப்பை எடுத்து, பக்கத்துப் பக்கத்தில் வைத்தால்தான் அந்த வேகம் வரும். ஆர்எஸ்-1இன் தாளிலேயே ஐபிசி-9850 என்ற பொது அளவீட்டு முறையில் 29,000 என்று இன்னொரு வரி இருக்கும். கேஈ-2070க்கு அது 18,300. ஒப்பிடுவதென்றால் அந்த வரியை ஒப்பிடுங்கள்.

உங்கள் வேலை 300 × 180, அதாவது 54,000 பாகம். மூன்றிலும் மெதுவான கேஈ-2070க்கே அது மூன்று மணித்தியாலம். பாதி வேகத்தில் ஓடினாலும் ஒரு நாளில் முடிந்துவிடும். நேரத்தைத் தின்பது பீடர் (ரீல் நாடாவை நகர்த்திச் சிப்பை ஒவ்வொன்றாகக் கொடுக்கும் கருவி) ஏற்றும் வேலை. ஒரு ரீலை ஏற்றி, மேல்நாடாவை உரித்து, எடுக்கும் இடத்தைச் சரிபார்க்க 4 நிமிடம் வைத்தாலும் 38 ரீலுக்கு இரண்டரை மணித்தியாலம். ஒவ்வொரு தடவையும் கழற்றி ஏற்றினால் வாங்கிய வேகமெல்லாம் அங்கேயே போய்விடும்.

ஆகவே இயந்திரத்தில் பீடர் மாட்டும் இடத்தை எண்ணுங்கள். இடக்கணக்கு 8 மி.மீ. டேப்புக்குச் சொல்லப்படுவது. 12, 16 மி.மீ. பீடர் இரண்டு இடம் பிடிக்கும், 24 மி.மீ. மூன்று. உங்கள் 38 வகையில் 30 எட்டு மி.மீ., 6 பன்னிரண்டு அல்லது பதினாறு, 2 இருபத்துநான்கு என்று வைத்தால் 48 இடம் வேண்டும். வைஎஸ்எம்10இல் 96, ஆர்எஸ்-1இல் 112. இதே அளவில் இரண்டாவது போர்ட் ஒன்று வந்தால் முன்னதில் ஓர் இடமும் மிஞ்சாது.

விலை கேட்கும்போது பீடருடன் சேர்த்துக் கேளுங்கள். இயந்திரம் மலிவாகக் கிடைத்து, 40 பீடரைத் தனித்தனியே தேடி வாங்குவதுதான் பலருக்கும் நடக்கிறது. பழைய பிலிப்ஸ் டோபாஸ் சந்தையில் கண்டால் குழம்பவேண்டாம், அதைச் செய்தது யமஹா.

அலஸ்தோட்டம்:
ஜூகிக்கும் யமஹாவுக்கும் உண்மையான வித்தியாசம் சிப்பைப் பார்க்கும் விதத்தில் இருக்கிறது. கேஈ-2070இன் தலையில் லேசர். நொசிலைச் சுழற்றி நிழலை அளக்கிறது. யமஹா கமராவால் பார்க்கிறது. லேசர் முறையில் இயந்திரத்தின் பாக நூலகத்தில் (பாகங்களின் அளவு பதிந்த பட்டியல்) கொடுக்கும் தடிப்பு மிக முக்கியம். 0.35 மி.மீ. ரெசிஸ்டருக்கு 0.5 என்று போட்டால் லேசர் தவறான மட்டத்தில் வெட்டும். கோணம் பிழைக்கும், அல்லது பாகமே இல்லையென்று வீசிவிடும். லேசர் கண்ணாடியில் தூசு படிந்தாலும் இதே அறிகுறிதான். தடிப்பைத் திருத்துமுன் அற்ககோல் தொட்ட பஞ்சில்லாத் துணியால் கண்ணாடியைத் துடைத்துப் பாருங்கள். இந்த அளவு கியூஎப்பியை வைஎஸ்எம்10உம் ஆர்எஸ்-1உம் வைக்கும், கேஈ-2070இல் அதற்குக் கமரா பூட்டியிருக்கிறதா என்று கேளுங்கள்.

கன்னியா:
எல்லாரும் பிராண்டைப் பேசுகிறீர்கள். இந்த ஊரில் இயந்திரத்தைக் கெடுப்பது காற்றுக் குழாய்க்குள் வரும் தண்ணீர். வாடைக்காற்று தொடங்கினால் கொம்பிரசர் தாங்கியில் நீர் தேங்கிக்கொண்டே இருக்கும். அது உள்ளே போனால் வெற்றிடம் உண்டாக்கும் பகுதி அடைக்கும், நொசில் பிடி ஒட்டும், காற்றில் இயங்கும் பீடர் நகரவேண்டிய தூரத்தில் பாதி மட்டும் நகரும். காலையில் சரியாக எடுத்த இயந்திரம் மத்தியானத்துக்குப் பின் சிப்பைத் தவறவிடத் தொடங்கினால் முதலில் சந்தேகிக்கவேண்டியது இதைத்தான்.

குளிரூட்டி உலர்த்தி ஒன்று, அமுக்கப் பனிநிலை (அமுக்கிய காற்றின் ஈரம் நீராகத் தொடங்கும் வெப்பநிலை) 3 பாகை அளவில், கட்டாயம். தாங்கியைத் தினமும் வடியுங்கள். கொம்பிரசரின் உறிஞ்சுவாயைக் கடல் பக்கம் திருப்பவேண்டாம். உப்பு உள்ளே போகும். இரும்புக் குழாய் போட்டால் துருச் செதில் வடிகட்டியை அடைக்கும்.

கரண்ட்: இங்கே மூன்று பேஸ் 400 வோல்ற். ஜப்பானில் ஓடிய பாவித்த இயந்திரம் 200 வோல்ற்றுக்குக் கட்டப்பட்டிருக்கலாம். பெயர்த்தகட்டையும் உள்ளே டிரான்ஸ்போமர் இணைப்பு எதில் இருக்கிறது என்பதையும் பார்க்காமல் சுவிட்சைப் போடாதீர்கள்.

ஈரம் தாங்காத ஐசிகளும் இருக்கின்றன. எம்எஸ்எல் (ஈரம் தாங்கும் மட்டம்) 3 என்றால் பை திறந்தபின் 168 மணித்தியாலத்துக்குள் பாவிக்கவேண்டும், அது 30 பாகை, 60 சதவீத ஈரப்பதனுக்கு. கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் ஏசி நின்ற அறையில் அந்தக் கணக்குச் செல்லாது. 5 சதவீதத்துக்குக் கீழே வைத்திருக்கும் உலர் பெட்டி வாங்க இயந்திரச் செலவிலேயே பணம் ஒதுக்குங்கள்.

உவர்மலை:
நன்றி அண்ணா. கேஈ-2070 கொழும்பில் ஒரு களஞ்சியத்தில் நிற்கிறது. போனால் எதைப் பார்க்கவேண்டும்?

சீனக்குடா:
வெறுமனே தலை ஓடுவதைக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒரு வெற்று போர்ட்டில் இருபக்க ஒட்டு நாடா ஒட்டி, 0402 சிப் 200ஐ நான்கு கோணத்தில், ஆறு நொசிலாலும் வைக்கச் சொல்லுங்கள். உருப்பெருக்கியில் பார்த்தால் ஒரே நொசில் வைத்தவை மட்டும் சாய்ந்திருந்தால் நொசில் தேய்வு, 20 டொலர் வேலை. எல்லாமே ஒரு பக்கம் நகர்ந்திருந்தால் அளவுதிருத்தம். வைத்த இடம் தடவைக்குத் தடவை மாறினால் அச்சில் தேய்வு, அதை வாங்கவேண்டாம்.

வன்தட்டைப் பிரதி எடுத்துத் தரச் சொல்லுங்கள், மென்பொருள் சாவி இருந்தால் கையில் வாங்குங்கள். எடை ஒன்றரை தொன் வரும். லொறியில் ஏற்றுமுன் தலையையும் அச்சையும் பூட்டும் தாங்கிகளைப் போடவேண்டும், ஹபரணைக்கு அப்பால் வரும் குலுக்கலுக்கு அது இல்லாமல் தாங்காது. கொழும்பிலிருந்து திருத்துநர் வர ஒரு நாள் போகும் என்பதால் நொசில் இரண்டு தொகுதியும் வெற்றிட வடிகட்டி 50உம் சேர்த்தே பேசி முடியுங்கள்.