புதுப்பிப்பு: பிஜிபெஞ்ச் அளவீட்டில் இரண்டு திருத்தங்கள்

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் வேகத்தை அளக்க, அதனுடன் வரும் சோதனைக் கருவியான பிஜிபெஞ்சை ஸ்கேல் (சோதனை டேபிள்களின் அளவு) 10, கிளையன்ட் (ஒரே நேரத்தில் இயங்கும் இணைப்புகள்) 50, நேரம் 60 விநாடி என்று ஓட்டலாம் என முன்பு எழுதியிருந்தேன். அந்த அமைப்பில் கிடைத்த எண்களை வைத்து யாரும் முடிவெடுக்க வேண்டாம்.

பெரிய பிழை ஸ்கேலில். இயல்பான சோதனையில் ஒவ்வொரு டிரான்சாக்‌ஷனும் பிராஞ்சஸ் டேபிளில் ஒரு வரிசையை அப்டேட் செய்யும். ஸ்கேல் எவ்வளவோ, அங்கே அவ்வளவு வரிசைகள்தான். 10 வரிசைக்கு 50 கிளையன்ட் முட்டி மோதினால், லாக்குக்காக (ஒரு வரிசையை ஒரே நேரத்தில் இருவர் மாற்றாமல் தடுக்கும் பூட்டு) காத்திருக்கும் நேரம்தான் கணக்கில் வரும். டிஸ்க்கின் திறமோ சிபியுவின் திறமோ தெரியாது. ஆகவே ஸ்கேல் கிளையன்ட் எண்ணிக்கையைவிடக் குறையக் கூடாது. 100 வைத்தால் அக்கவுண்ட்ஸ் டேபிளில் 1 கோடி வரிசைகள், ஏறக்குறைய 1.5 ஜிபி. சோதனையை ஓட்டும்போது ஸ்கேலை மாற்றிக் கொடுத்துப் பயனில்லை, டேபிள்களைப் புதிதாக நிரப்ப வேண்டும். நிரப்பும் கட்டளை அதே பெயருள்ள பழைய டேபிள்களை அழித்துவிடும் என்பதால், தயவுசெய்து தனி டேட்டாபேஸில் செய்யுங்கள்.

அடுத்தது நேரம். நினைவகத்தில் உள்ள மாற்றங்களை டிஸ்க்கில் எழுதி முடிக்கும் வேலைதான் செக்பாயின்ட். அதன் இடைவெளி இயல்பில் 5 நிமிடம். 60 விநாடி ஓட்டத்துக்குள் அது வரலாம், வராமலும் போகலாம்; ஒரே அமைப்புக்கு வெவ்வேறு எண் வருவதற்கு இது ஒரு காரணம். 15 நிமிடமாவது ஓட்டுங்கள். 10 விநாடிக்கு ஒருமுறை முன்னேற்றத்தை அச்சிடச் செய்தால் வேகம் சரியும் இடம் கண்ணில் படும். மூன்று முறை ஓட்டி நடு மதிப்பை எடுங்கள்.

சொந்த ஸ்கிரிப்டு என்றால், சோதனைக்கு முன் பிஜிபெஞ்ச் தன் டேபிள்களில் செய்யும் வேக்கூமை (பழைய வரிசைகளைத் துப்புரவாக்கும் வேலை) நிறுத்தும் சிறிய எழுத்து 'என்' (-n) விருப்பத்தைச் சேர்க்க மறவாதீர்கள். பிஜிபெஞ்ச் டேபிள்கள் இல்லாத டேட்டாபேஸில் அது அவசியம்.