ஐரிஷ் செஷனில் ஹேமர்டு டல்சிமர்: ஒலி குழம்புகிறது, சுருதி நிற்கவில்லை

இரட்டைக்கம்பி (கேள்வி)

15/14 ஹேமர்டு டல்சிமர் (சுத்தியால் தட்டி வாசிக்கும் கம்பி வாத்தியம்; ட்ரெபிளில், அதாவது மேல் ஸ்வரங்களில், 15 ஜோடி, பேஸில் 14 ஜோடி) வைத்து பப் செஷனில், அதாவது பலர் கூடி வாசிக்கும் இடத்தில், ரீல், ஜிக் என்ற ஐரிஷ் நடன மெட்டுகள் வாசிக்கிறேன். வீட்டில் தனியாக வாசித்தால் சுத்தமாக இருக்கிறது. செஷனில் மூன்று தொந்தரவு.

அ) ரீல் வேகம் பிடித்ததும் எல்லா ஸ்வரமும் கலந்து கஞ்சி ஆகிவிடுகிறது. ஃபிடில்காரர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள்.
ஆ) எட்டரைக்குச் சேர்த்த சுருதி பத்து மணிக்குள் போய்விடுகிறது. அதுவும் எல்லாக் கம்பியிலும் ஒரே அளவில் இல்லை.
இ) ஃபிடிலிலும் விசிலிலும் வரும் ரோல் (ஒரு ஸ்வரத்தின் மேலும் கீழும் தொட்டு வரும் அலங்காரம்) இதில் எடுபடவே இல்லை.

சுத்தி மரம்தான், ஒரு பக்கம் தோல் ஒட்டியது. செஷனில் தோல் பக்கம்தான் பயன்படுத்துகிறேன்.

முளைச்சாவி

(அ)வுக்கு மட்டும் சொல்கிறேன். மெதுவாக அடியுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், அது பாதிதான் சரி. சிக்கல் சத்தத்தில் இல்லை, கார்வையில் (அடித்த பிறகு ஒலி நீடிப்பதில்) இருக்கிறது. நிமிடத்துக்கு 110 அரைத்தட்டு (ஒவ்வொன்றிலும் நாலு ஸ்வரம்) என்று ஓடும் ரீலில் விநாடிக்கு ஏழு ஸ்வரம் விழுகிறது. எஃகுக் கம்பியோ அடித்த பிறகு பல விநாடி பாடும். நீங்கள் எட்டாவதை அடிக்கும்போது முதலாவது இன்னும் அடங்கியிருக்காது.

தோல் பக்கத்தை விடுங்கள். தோலில் அடியின் முனை மழுங்கிவிடும். கூட்டத்தில் கேட்காததால் கை தானாகவே ஓங்கும், கார்வை இன்னும் கூடும். மரப் பக்கத்தால், குதிரையிலிருந்து (கம்பியைத் தாங்கும் கட்டை) 2, 3 செ.மீ. தள்ளி, லேசாகத் தட்டுங்கள். கம்பியின் நடுப்பக்கம் போகப் போக ஒலி உருண்டு நீளும். தனிக் கச்சேரிக்கு அது அழகு, இங்கே வேண்டாம்.

அடுத்து பேஸ் கம்பிகள். நீங்கள் தொடாமலே கூடப் பாடுபவை அவைதான். 1 செ.மீ. அகல ஃபெல்ட் பட்டையை பேஸ் ஜோடிகளின் ஊடே மேலும் கீழுமாகப் பின்னி, அடிக்கும் இடத்துக்கு எதிர்முனையில், ஓரக் கட்டையை ஒட்டி விடுங்கள். போதவில்லையா, அரை விரல் உள்ளே தள்ளுங்கள். அதிகம் தள்ளினால் பேஸ் மரத்தைத் தட்டின மாதிரி ஆகிவிடும்.

ட்யூன் முடியும்போது ஃபிடில் சட்டென்று நிற்கும், உங்கள் பெட்டி நிற்காது. கடைசி ஸ்வரம் விழுந்ததும் சுத்தியைப் பிடித்தபடியே இரண்டு உள்ளங்கையும் கம்பிமேல் படிய வேண்டும். திரும்பிப் பார்ப்பது பெரும்பாலும் அதற்காகத்தான்.

பாதிச்சுருதி

தோல் விஷயத்தில் ஒத்துப்போக மாட்டேன். மூன்று நாலு பேர் உட்கார்ந்த சின்ன செஷனில் மரப் பக்கம் காதைக் குத்தும், அங்கே தோல்தான். பத்துப் பேர் இருந்தால் மரம்.

(ஆ)வில் இரண்டு காரணம் ஒன்றுக்கொன்று எதிராக இழுக்கும். குளிர்ந்த காரிலிருந்து சூடான அறைக்கு வந்தால் எஃகு சில நிமிடத்திலேயே சூடேறி நீளும், சுருதி இறங்கும். பிறகு ஆள் சேரச் சேரக் காற்றில் ஈரம் ஏறும். மேல்பலகை மெல்ல உப்பிக் குதிரையைத் தூக்கும், சுருதி ஏறும். பலகையின் நடுவில் உப்பல் அதிகம். அதனால்தான் எல்லாக் கம்பியும் ஒரே அளவில் போவதில்லை.

முப்பது, நாற்பது நிமிஷம் முன்னாடியே போய், உறையைத் திறந்து வச்சிட்டு சும்மா இருங்க. உடனே சுருதி சேர்த்தா ரெண்டாவது தடவை சேர்க்க வேண்டியதுதான், மொத்தம் 58 கம்பி. கணப்பு, ரேடியேட்டர், வாசல் கதவு மூணுக்கும் தள்ளி உட்காருங்க. மைக்கில் கேட்கிற ட்யூனர் பப்பில் உதவாது, முளையில் (கம்பியை முறுக்குற ஆணி) கவ்வுற அதிர்வு ட்யூனர் வேணும். இடைவேளையில் டி, இ, ஜி, ஏ ஜோடிகளை மட்டும் சரிபாருங்க. ஜி ஷார்ப்பைத் தேடி யாரும் வரப்போறதில்லை.

ஒரு ஜோடியில் ஒரு கம்பியை விரலால் அடக்கிட்டு மற்றதைச் சேருங்க. எப்பவும் கீழேயிருந்து மேலே ஏத்தி நிறுத்துங்க, மேலேயிருந்து இறக்கினா நழுவும். ட்ரெபிள் குதிரைக்கு வலப்பக்கம் சரியா இருந்து இடப்பக்கம் 2 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட்) ஏறிக் காட்டினா பயப்படாதீங்க. குதிரை கம்பியை 3:2 எனப் பிரிக்குது, சுத்தமான ஐந்தாம் ஸ்வரம் 702 சென்ட், ட்யூனர் கணக்கு 700. பத்து சென்ட்டுன்னா குதிரை நகர்ந்திருக்கு.

அக்கார்டியனில் ஏ ஸ்வரம் 440 ஹெர்ட்ஸுக்குப் பதிலா 442இல் இருந்தா 8 சென்ட் வித்தியாசம். அவராலும் மாத்த முடியாது, உங்களாலும் முடியாது. எதிர்மூலையில் உட்காருங்க.

குறுக்குத்தட்டு

(இ): ஃபிடிலின் ரோலை அப்படியே எடுக்காதீர்கள். ஜி-ஏ-ஜி-எஃப் ஷார்ப்-ஜி என்று அடித்தால் மேலும் கீழும் உள்ள இரண்டும் அடங்காமல் ஜியோடு மோதும். ஒரே ஜோடியிலேயே தட்டை நெருக்குங்கள். ஜிக்கில் நீண்ட ரோல் மூன்று தட்டு நீளம்: முதல் தட்டு வலது, இரண்டாவதை இடது-வலது என இரண்டாக உடைத்து, மூன்றாவது இடது. மொத்தம் நாலு அடி, அடுத்த தாளத்துக்கு வலது கை தயாராக இருக்கும். ரீலின் ட்ரிப்லெட்டுக்கு (நெருக்கமான மூன்று அடி) வலது-இடது-வலது. மணிக்கட்டால் அடிக்காமல் சுத்தியை விரலிடையில் தொங்கவிட்டு எகிற விடுங்கள். சந்தூர் கலைஞர்களின் கை அசைவைப் பார்த்தால் புரியும்.

ட்யூனுக்கு ஐந்தாறு இடம் போதும். கார்ட் (பல ஸ்வரங்களை ஒன்றாக ஒலிக்க விடும் துணை) போடுவதை அடியோடு நிறுத்துங்கள். கிட்டார் ஒருவர் இருக்கும்போது இரண்டாவது துணை யாருக்கும் வேண்டாம்.

இரட்டைக்கம்பி

நன்றி. ஃபெல்ட் இன்றே பின்னிவிட்டேன், வித்தியாசம் தெரிகிறது. இன்னும் இரண்டு: டியில் தொடங்கி சி நேச்சுரல் (ஷார்ப் ஆகாத சி) வரும் ட்யூன்களில் கை தடுமாறுகிறது. அப்புறம், இது ஐரிஷ் வாத்தியமே இல்லை என்று ஒருவர் முணுமுணுத்தார்.

முளைச்சாவி

டி மேஜருக்கு வலப்பக்கம் டி, இ, எஃப் ஷார்ப், ஜி. பிறகு இடப்பக்கம் தாவி ஏ, பி, சி ஷார்ப், டி. பழகிய கை அந்தத் தாவலைத் தானாகச் செய்யும். சி நேச்சுரல் வரும் ட்யூனில் தாவவே கூடாது. வலப்பக்கத்திலேயே ஜிக்கு மேல் ஏ, பி, சி என்று நேராக ஏறுங்கள், சி நேச்சுரல் அங்கேதான் இருக்கிறது. ட்யூன் தொடங்கும் முன் எந்த சி என்று காதில் தேர்ந்துவிட்டால் பாதை தானாக அமையும்.

முணுமுணுத்தவருக்கு: கவுன்ட்டி அன்ட்ரிமின் க்ளெனார்மில் ஜான் ரே இதில்தான் ரீல் வாசித்தார். டெரிக் பெல் சீஃப்டன்ஸ் என்ற ஐரிஷ் இசைக்குழுவில் தியம்பான் என்ற பெயரில் வாசித்ததும் இதே குடும்பம்தான்.

பாதிச்சுருதி

இன்னொண்ணு. பைப்ஸ்காரர் (துருத்திக் குழல் வாசிப்பவர்) பி அல்லது சி சுருதியில் உள்ள பைப்ஸை வெளியே எடுத்தால், அந்த செட் (அடுத்தடுத்து வாசிக்கும் ட்யூன்கள்) முழுக்க சுத்தியைக் கீழே வச்சிடுங்க. ஃபிடில்காரங்க கம்பியை இறக்கிக்குவாங்க, உங்களுக்கு 58 முளை.