காட்டுக்குப் போனவர்கள்: ஒரு மிஷனரியின் நினைவுக் குறிப்பை நாவலாக்கிய அனுபவம்

நான்கு ஆண்டுகளாக ஒரு நாவலை எழுதிக்கொண்டிருக்கிறேன். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஈரோட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் வைத்தியம் பார்த்த மிஷனரி அம்மையார் ஒருவர் விட்டுச்சென்ற நினைவுக் குறிப்பின் தட்டச்சுப் பிரதியே அதற்கு மூலம். உண்மையில் நடந்ததைக் கதையாக்கும்போது எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்று நண்பர்கள் கேட்பதால், எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன்.

அக்குறிப்பில் பிளேக் பரவிய ஒரு பருவம் வருகிறது. அந்நோய் இந்தப் பகுதியை எப்படி உலுக்கியது என்பதற்குக் கோவையில் இன்றும் வழிபாட்டில் உள்ள பிளேக் மாரியம்மன் கோயில்களே சாட்சி. எலிகள் செத்து விழத் தொடங்கியதும் ஊரார் வீட்டைப் பூட்டிவிட்டு வனத்துக்குள் ஓடிவிட்டதாகவும், அவர்களைத் தேடித் தாம் இரண்டு நாள் வண்டியில் அலைந்ததாகவும் அம்மையார் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். நானும் அதை நம்பி, மூங்கில் புதரும் யானைத் தடமும் இரவெல்லாம் எரியும் தீயுமாகப் பதினான்கு பக்கம் எழுதினேன்.

அதை அமுச்சிக்கு, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டிக்கு, வாசித்துக் காட்டியபோது, கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்த அவருடைய கை நின்றது. “ஏங்கண்ணு, எலி உளுந்தா காட்டுக்குப் போயிருவாங்கன்னு எங்கம்மாவும் சொல்லும். அது நம்ம காடு சாமி. சோளக்காட்டுல சாளை போட்டுக் குடியிருப்பாங்க. அங்க ஏது ஆனை?” என்றார்.

கொங்கு நாட்டில் மானாவாரி நிலம்தான் காடு; கிணற்றுப் பாசனம் இருந்தால் அது தோட்டம். நாள்தோறும் இப்படியே பேசும் நான், ஆங்கிலத்தில் படித்தவுடன் அதை மறந்துவிட்டேனே என்ற உறுத்தல் வெகுநாள் இருந்தது.

பதினான்கு பக்கங்களையும் கிழித்தேன். அம்மையாருக்குத் தமிழ் கற்பித்த முன்ஷியைப் பற்றிக் குறிப்பில் அரை வரிதான் உண்டு. சமையற்காரப் பெண்ணுக்குப் பெயர்கூட இல்லை. முன்ஷியைக் காவிரிக் கடைமடையில் பிறந்தவராகக் கற்பனை செய்தேன். அவருக்கும் காடு என்றால் வனம்தான், ஆகவே திருத்தவேண்டும் என்றே அவருக்குத் தோன்றியிருக்காது. சமையற்காரப் பெண்ணுக்குத் தெரியும், ஏனென்றால் அவளுடைய வீட்டாரே அந்தச் சோளக்காட்டில் சாளை போட்டிருக்கிறார்கள். ஆனால் அவளை ஒருவரும் கேட்கவில்லை. மருந்துப் பெட்டியோடு வண்டி மலையடிவாரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்க, நோயாளிகள் கூப்பிடு தூரத்தில் கிடந்தார்கள்.

இதற்காக அம்மையாரைச் சிறுமைப்படுத்தவும் எனக்கு மனம் வரவில்லை. மிஷனரிகள் எல்லோரும் காது கொடுக்காதவர்கள் அல்லர். இதே ஈரோட்டில் பணியாற்றிய பாப்லி, கதாகாலட்சேப முறையில் பாடிப் போதித்தவர். 1931இல் குறளை ஆங்கிலத்தில் தந்தவர். எங்கள் அம்மையாரோ நெறி கட்டிய ஒரு குழந்தைக்கு இரவு முழுவதும் ஒத்தடம் கொடுத்தவர். அக்குழந்தை பிழைத்ததாக எழுதினால் வாசகர்கள் நெகிழ்வார்கள் என்று நண்பர் ஒருவர் சொன்னார். நான் மறுத்துவிட்டேன். பேரப்பிள்ளைகள் இன்றும் இருப்பார்கள் என்பதால் ஆட்களின் பெயரையும் ஊர்ப் பெயரையும் மாற்றினேனே தவிர, அந்தச் சாவை மாற்றவில்லை. “விடியுமுன் போய்விட்டது” என்ற பொருள்படும் அந்த ஒரு வரியை மட்டும் அவர் பேனாவால் அடித்துவிட்டு, ஓரத்தில் அதையே மறுபடியும் எழுதியிருக்கிறார்.

சமையற்காரப் பெண்ணுக்கு நாச்சாயி என்று பெயர் வைத்தவர் அமுச்சிதான். களி கிண்டி முடித்து, தூக்குப்போசியோடு நாச்சாயி சோளக்காட்டுக்குக் கிளம்பும் இடத்தில் அத்தியாயம் நிற்கிறது. அம்மையார் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். “எங்கே போகிறாய்?” என்று அவர் கேட்பாரா என்பதை இன்னும் எழுதவில்லை.