புதுப்பிப்பு: இரண்டாவது மாடிப்படியின் பூட்டைத் திறந்துவிட்டோம்

போன மாதம் எழுதியிருந்தேன், எங்கள் மதுரை ஆனையூர் அபார்ட்மென்டில் இரண்டாவது மாடிப்படியைப் பூட்டி பழைய மெத்தை, பெயின்ட் டப்பா எல்லாம் அடைத்து வைத்திருக்கிறார்கள், கேட்டால் "நம்ம கட்டிடம் உயரம் கம்மிங்க, தீயணைப்பு விதி நமக்கு வராது" என்கிறார்கள் என்று. அது உண்மையா என்று பலர் கேட்டீர்கள்.

பாதிதான் உண்மை. 2016 தேசியக் கட்டிட விதித்தொகுப்பு வெறும் பரிந்துரைதான், மாநிலம் தன் விதிகளில் சேர்த்துக்கொண்டால்தான் கட்டாயம். நம் மாநிலத்தில் 2019-ல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகளில் 18.30 மீட்டரைத் தாண்டினால்தான் உயரமான கட்டிடம், கூடுதல் கெடுபிடியும் அதற்குத்தான். சரி, அதற்காக மாடிப்படியை குடோனாக்கலாமா?

சங்கக் கூட்டத்தில் விதியை வாசித்தபோது யாரும் அசையவில்லை. 2024-ல் மதுரை கட்ராபாளையம் பெண்கள் விடுதியில் விடியற்காலை பிடித்த தீயைச் சொன்னேன், புகை படிக்கட்டு வழியாகத்தான் மேலே ஏறும், ஒரே வழி அதுவென்றால் மூன்றாம் மாடிப் பாட்டி எப்படி இறங்குவார் என்று கேட்டேன். அப்புறம் யாரும் வாதாடவில்லை. ஞாயிற்றுக்கிழமையே எல்லோருமாகச் சேர்ந்து காலி செய்தோம்.

தீயணைப்பானின் அழுத்தம் காட்டும் முள் சிவப்பில் கிடந்தது, அதாவது அழுத்தம் குறைந்திருந்தது, ரீஃபில்லுக்குக் கொடுத்திருக்கிறோம்.

இன்னும் பாக்கி, கீழே ஈபி மீட்டர் பலகையை ஒட்டி நிற்கும் பைக்குகள். இரண்டு வீட்டார் நகர்த்த மறுக்கிறார்கள், நானும் விடப்போவதில்லை.