கார் கிட்டிலிருந்து முதல் போர் விமானத்துக்கு: 1/48 பஃபலோவா, ஸ்பிட்ஃபயரா?

வேகத்தடை24 (பாயான் லெப்பாஸ்)

வணக்கம் நண்பர்களே. இதுவரை 1/24 அளவுப் பிளாஸ்டிக் மாடல் கார் கிட் மட்டும்தான். டாமியாவின் டிஎஸ் ஸ்ப்ரே கேன் அடித்து, மேலே டூ-கே கிளியர் (கடினமாக்கி கலந்து அடிக்கும் இரட்டைக் கலவைத் தெளிபூச்சு) போட்டு, காம்பவுண்டால் தேய்த்துக் கண்ணாடி மாதிரி கொண்டுவருவது கைக்குப் பழகிவிட்டது. இப்போது முதல் போர் விமானம். 1941 டிசம்பரில் பட்டர்வொர்த்தில் நின்ற பிரூஸ்டர் பஃபலோவை 1/48-ல் செய்ய ஆசை. நம் வானத்தில் பறந்த விமானமாயிற்றே.

காரில் பாடியைத் தனியாகப் பெயின்ட் அடித்து முடித்துவிட்டுத்தான் சேஸியில் உட்கார வைப்போம். விமானத்தில் எதை எப்போது அடிப்பது? டூ-கே பயன்படுமா? மேட் (பளபளப்பில்லாத) பெயின்ட் மேலேயே டிகால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் அடையாளப் படம்) ஒட்டலாமா? 0.3 மி.மீ. ஏர்பிரஷ் இருக்கிறது. இங்கே மழை நேரத்தில் கிளியர் அடித்தால் வெளுத்துப்போகிறது, அதற்கும் வழி சொல்லுங்கள்.

இணைப்புக்கோடு (கோலாலம்பூர்)

பஃபலோ ஆசை நல்ல ஆசைதான். ஆஸ்திரேலியாவின் 453 ஸ்குவாட்ரன் 1941 டிசம்பர் 13 அன்று பட்டர்வொர்த்துக்கு வந்தது, பிறகு ஈப்போ, அங்கிருந்து கோலாலம்பூர் என்று பின்வாங்கியது. டிகால் தாளில் உடல் எழுத்து ‘டிடி’ என்று இருந்தால் அது 453. ‘டபிள்யூபி’ என்றால் 243.

ஆனாலும் முதல் விமானமாக அது வேண்டாம் தம்பி. தலைக்கு மேல் நீளமான கண்ணாடிக் கூண்டு, அதில் சட்டத்துக்கு மேல் சட்டம். வயிற்றிலும் ஜன்னல் உண்டு, அதன் வழியே காக்பிட்டின் அடிப்பாகம் தெரியும். சக்கரங்கள் மடங்கினால் உடலின் பக்கக் குழிக்குள் போய் உட்காரும். அந்தக் குழியை உடல் பாதிகளை ஒட்டுவதற்கு முன்பே பெயின்ட் அடித்து முடித்தாக வேண்டும். மூன்று தலைவலியும் ஒரே கிட்டில். டாமியா 2018-ல் புதிதாக வார்த்த 1/48 ஸ்பிட்ஃபயர் மார்க் 1-ஐ முதலில் கட்டுங்கள். மேலே டார்க் எர்த், டார்க் கிரீன், கீழே ஸ்கை என்று மலாயா பஃபலோவின் அதே மூன்று வண்ணம்தான். வாங்கிய பெயின்ட் அடுத்த கிட்டுக்கும் ஆகும், கோடு போட்டுப் பழகிய கையும் ஆகும்.

வரிசையைக் காரிலிருந்து தலைகீழாகத் திருப்பிக்கொள்ளுங்கள். காரில் பெயின்ட் முதலில், சேர்ப்பது பிறகு. விமானத்தில் காக்பிட் மட்டும்தான் முதலில் பெயின்ட் காணும். அதை உடலுக்குள் வைத்து மூடி, இறக்கை, வால் எல்லாம் ஒட்டி, முழு உருவம் வந்த பிறகுதான் வெளிப்பூச்சு. சக்கரக் கால், புரொப்பல்லர், ஆன்டெனா, எக்ஸாஸ்ட் குழாய் இவை தனியாக இருக்கட்டும், கடைசியில் ஒட்டலாம். காக்பிட்டுக்கு டாமியாவின் எக்ஸ்எஃப்-71 பெயின்ட் பிரிட்டிஷ் உட்புறப் பச்சைக்கு நெருக்கமாக வரும். சீட் பெல்ட், கருவிப் பலகை இவற்றில் நேரம் செலவழியுங்கள், ஆனால் கண்ணாடி வழியாகத் தெரிகிற அளவுக்கு மட்டும். 1/24 காரின் டாஷ்போர்டுக்குக் கொடுக்கும் உழைப்பில் பாதி போதும்.

கார்க்காரர்கள் முதலில் மாட்டிக்கொள்ளும் இடம் முதுகு இணைப்பு. கார் பாடி ஒரே வார்ப்பாக வரும், அதனால் இணைப்பை மறைக்கும் பழக்கம் அதிகம் வந்திருக்காது. விமான உடலோ இடம், வலம் என இரண்டு பாதி. மூக்கிலிருந்து வால்வரை நடுமுதுகில் கோடு ஓடும். அது தெரிந்தால் மற்ற எல்லா வேலையும் வீண். பாதிகளைச் சேர்த்துப் பிடித்து எக்ஸ்ட்ரா தின் சிமென்டை இடுக்கில் தொட்டுவிடுங்கள், அது தானே உள்ளே ஓடும். அரை நிமிடம் பொறுத்து மெல்ல அழுத்தினால் உருகிய பிளாஸ்டிக் மணி மணியாக இணைப்பு நெடுகப் பிதுங்கும். பிதுங்க வேண்டும், அதுதான் நிரப்பி. விரலை இணைப்பின் மேல் வைக்காதீர்கள், ரேகை பதிந்துவிடும். ஒரு முழு நாள் விட்டு 400, 600, 1000 எண் உப்புத்தாள் என்று வரிசையாகத் தேயுங்கள். அவசரப்பட்டு மூன்று மணி நேரத்தில் தேய்த்தால் அப்போதைக்குச் சமமாகத்தான் இருக்கும். உள்ளே இருக்கும் சிமென்ட் ஆவியாகி முடிந்ததும் பிளாஸ்டிக் சுருங்கி, பெயின்ட் அடித்த பிறகு பள்ளமாகக் கோடு திரும்பி வந்து நிற்கும்.

தேய்த்த இடத்தில் மிஸ்டர் சர்ஃபேசர் 1000 என்ற சாம்பல் நிற அடிப்பூச்சை அடித்துச் சோதியுங்கள். சாம்பல் நிறத்தில்தான் குறை தெரியும். தேய்ப்பில் அழிந்த பேனல் கோட்டை (தகடுகள் சேரும் இடத்துக் கோடு) தடித்த எம்போஸ் டேப்பை ஓரமாக ஒட்டி, ஸ்க்ரைபரால் அழுத்தாமல் ஐந்தாறு முறை இழுத்து மீட்கலாம். கார்க் கதவுக் கோட்டை ஆழமாக்குவது போல இங்கே ஆழமாக்கக் கூடாது. 1/48-ல் 0.1 மி.மீ. கோடே நிஜத்தில் கிட்டத்தட்ட 5 மி.மீ. இடைவெளி ஆகிவிடுகிறது.

இன்னொன்று, நேர்நிலை. கார் நான்கு சக்கரத்தில் நின்றுவிட்டால் கணக்கு முடிந்தது. விமானத்தை முன்னாலிருந்து பார்த்தால் இரண்டு இறக்கை நுனியும் மேசையிலிருந்து ஒரே உயரத்தில் இருக்க வேண்டும், வால் தட்டு படுத்த கோடாக இருக்க வேண்டும், செங்குத்து வால் அதற்கு 90 பாகையில் நிற்க வேண்டும். சதுரக் கட்டம் போட்ட தாளை விரித்து அதன் மேல் வைத்து அளந்து, காய்வதற்குள் திருத்திவிடுங்கள்.

நீர்ப்பொறி (பட்டர்வொர்த்)

பெயின்ட் பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்.

டூ-கே வேண்டவே வேண்டாம். 50 மைக்ரான் கனத்தில் ஒரு பூச்சு என்று வைத்தாலே 1/48-ல் அது 2.4 மி.மீ. தோல். பேனல் கோடு, ஆணித்தலை எல்லாம் மூழ்கிப்போகும். அதே காரணத்துக்காக டிஎஸ் கேனை நேராக அடிப்பதும் கூடாது, கார் பாடிக்கு வேண்டிய ஈரப்பூச்சு இங்கே தடிமன்.

டாமியா அக்ரிலிக்கில் டார்க் எர்த்துக்கு எக்ஸ்எஃப்-52, டார்க் கிரீனுக்கு எக்ஸ்எஃப்-81, ஸ்கைக்கு எக்ஸ்எஃப்-21. பெயின்ட் 4 பங்கு, மிஸ்டர் லெவலிங் தின்னர் 6 பங்கு. காற்று 15 பிஎஸ்ஐ, தூரம் 4 முதல் 5 செ.மீ. முதலில் கீழ்ப்பக்க ஸ்கை, பிறகு மேலே முழுக்க டார்க் எர்த், கடைசியில் பச்சை. வெளிர் முதலில், அடர்த்தி பிறகு. பச்சைத் திட்டின் ஓரத்துக்கு நீல நிறப் பசைமண்ணை 3 மி.மீ. கனத்தில் உருட்டி, வளைவைப் பார்த்துப் பதித்து, நடுவை டேப்பால் மூடுங்கள். ஏர்பிரஷை எப்போதும் பரப்புக்கு நேர் செங்குத்தாகப் பிடியுங்கள். சாய்த்தால் உருளைக்கு அடியில் பெயின்ட் புகுந்து ஓரம் ஒரு பக்கம் கூர்மை, மறுபக்கம் புகை மாதிரி ஆகிவிடும். உருளையை ஓரிரு மணிக்கு மேல் விடாதீர்கள், எண்ணெய்க் கறை விடும்.

இப்போது வெளுப்பு. தின்னர் வேகமாகப் பறக்கும்போது பரப்பு குளிர்கிறது. நம் ஊர்க் காற்றில் இருக்கும் ஈரம் அந்தக் குளிர்ந்த பரப்பில் பனியாக இறங்கி, காயாத பெயின்டுக்குள் மாட்டிக்கொள்கிறது. அதுதான் அந்த வெள்ளைப் படலம். மழை பெய்துகொண்டிருக்கும்போதும், விட்ட உடனேயும் கிளியர் அடிக்காதீர்கள். ஏர்கான் அரை மணி ஓடிய அறையில் அடித்தால் பாதிப் பிரச்சினை போய்விடும், ஆனால் புகையை வெளியே தள்ள ஃபேன் வைத்த பெட்டி கட்டாயம், முகத்துக்கு ஆவி வடிகட்டும் மாஸ்கும் கட்டாயம். தின்னரில் பத்தில் ஒரு பங்கு ரிடார்டர் (காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம்) சேருங்கள், மெதுவாகக் காயும். கம்ப்ரசரில் இருக்கும் நீர்ப்பொறி (காற்றிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் வடிகட்டி) போதாது. குழாயில் போகும்போது காற்று ஆறி மறுபடி தண்ணீர் விடும், ஆகவே ஏர்பிரஷ் கைப்பிடிக்கு அடியில் இன்னொன்று மாட்டுங்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை வடித்துவிடுங்கள்.

வெளுத்தேவிட்டால் பயப்பட வேண்டாம். அறை உலர்ந்த பிறகு வெறும் லெவலிங் தின்னரை மெல்லிய மூடுபனி போல ஒரு கை அடித்தால் மேல்பூச்சு இளகி ஈரம் வெளியேறும். பளபளப்புக் கிளியரில் இது நன்றாக வேலை செய்யும். மேட் கிளியரில் இரண்டு முறைக்கு ஒரு முறைதான் பலிக்கும். அதனால்தான் மேட் பூச்சுக்கு நல்ல வெயில் நாளாகப் பார்த்துக் காத்திருக்கச் சொல்வேன்.

வேகத்தடை24

ரொம்ப நன்றி அண்ணே. ஸ்பிட்ஃபயரே வாங்கிவிடுகிறேன். பிறகு டிகால், கண்ணாடி இரண்டும் பாக்கி. கண்ணாடிக்குக் காருக்குப் போலவே செய்யலாமா? மெட்டல் ஃபாயில் கைவசம் இருக்கிறது.

கண்ணாடிக்கூண்டு (புக்கிட் மெர்தாஜாம்)

ஃபாயில் இருக்கிறதா, அப்படியானால் பாதி வேலை முடிந்தது. கார் ஜன்னல் விளிம்புக்கு ஒட்டும் அதே ஃபாயில் இங்கே மாஸ்க் ஆகிறது. கண்ணாடி முழுக்க ஒட்டி, பல்குத்தியால் சட்டங்களின் ஓரத்தில் அழுத்தினால் விளிம்பு தெளிவாகத் தெரியும். புத்தம்புது பிளேடால் கோட்டோடு ஓட்டி, சட்டத்தின் மேல் இருப்பதை மட்டும் உரித்து எடுங்கள். பிளேடு மழுங்கினால் ஃபாயில் கிழியும், நாம் அழுத்துவோம், கண்ணாடியில் கீறல் விழும். அதனால் ஒரு கண்ணாடிக்கு இரண்டு பிளேடு என்று கணக்கு வையுங்கள்.

அதற்கு முன்பு கண்ணாடியை எக்ஸ்-22 கிளியரில் முக்கி, ஓரத்தில் திரளும் துளியை டிஷ்யூவால் உறிஞ்சி, கிண்ணம் கவிழ்த்து தூசி படாமல் ஒரு நாள் வையுங்கள். கீறல் மறையும். பெரிய கீறல் என்றால் முக்குவதற்கு முன் 2000 தாளில் தொடங்கி உங்கள் காம்பவுண்ட் மூன்றும் போடுங்கள், அதில் நீங்கள்தான் எங்களுக்குச் சொல்லித்தர வேண்டும். சட்டத்துக்கு முதலில் உட்புறப் பச்சை, அதன் மேல் வெளி வண்ணம். அப்போதுதான் உள்ளிருந்து பார்த்தாலும் சட்டம் பச்சையாகத் தெரியும். ஒட்டுவதற்கு வெள்ளைப் பசை மட்டும். சூப்பர் குளூவின் ஆவி கண்ணாடியின் உட்பக்கம் வெண்புகையாகப் படிந்தால் மூடிய உடலுக்குள் கைவிட்டுத் துடைக்க வழியில்லை.

டிகால். மேட் பெயின்ட் நுண்ணோக்கியில் பார்த்தால் கரடுமுரடு. அந்தப் பள்ளங்களில் காற்று சிக்கி, டிகாலின் தெளிந்த ஓரம் வெள்ளி போல மின்னும். அதனால் வண்ணம் காய்ந்ததும் லாக்கர் பளபளப்புக் கிளியர் இரண்டு மெல்லிய பூச்சு. கார் பளபளப்பு வேண்டாம், முட்டை ஓட்டு வழுவழுப்பு போதும், அது ஒரு படி மட்டுமே, கடைசியில் மறையப்போகிறது. டிகாலைப் பிடித்துக்கொள்ள உதவும் மார்க் செட்டர் திரவத்தைத் தடவி டிகாலை வைத்து, நனைத்த பஞ்சுக்குச்சியை நடுவிலிருந்து வெளியே உருட்டுங்கள். பத்து நிமிடம் கழித்து டிகாலை இளக்கும் மார்க் சாஃப்டர். டிகால் சுருங்கிப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும், தொடாதீர்கள், தானே இறங்கிப் படியும். டாமியா டிகால் சற்றுத் தடிமன், அதற்கு வெதுவெதுப்பான தண்ணீர் உதவும். இறக்கையின் பெரிய வட்டங்கள் பேனல் கோட்டைத் தாண்டும் இடத்தில் பிளேடால் கோட்டோடு ஒரு கீறு கீறி இன்னொரு சொட்டு சாஃப்டர். கார்பன் ஃபைபர் டிகாலை வளைவில் படிய வைத்த கைக்கு இது எளிது.

ஒரு நாள் காய்ந்ததும் டிகால் மேல் இன்னொரு பளபளப்புப் பூச்சு, பிறகுதான் பேனல் கோட்டு மை. மேலே அடர் பழுப்பு, கீழே ஸ்கைக்குச் சாம்பல். கறுப்பு வேண்டாம், கட்டம்போட்ட லுங்கி மாதிரி ஆகிவிடும். துடைக்கும்போது காற்று ஓடும் திசையில், முன்னிருந்து பின்னாக. எனாமல் தின்னரைக் குளிப்பாட்டாதீர்கள். பெயின்ட் படாத பிளாஸ்டிக்கில் இறங்கினால் இறுக்கமான இணைப்புகள் மறுநாள் விரிசல் விடும், முக்கியமாகச் சக்கரக் குழிகளில்.

கடைசியாக எக்ஸ்எஃப்-86 மேட் கிளியர். அது காய்ந்த பிறகுதான் கண்ணாடி மாஸ்கை உரிக்க வேண்டும்.

வேகத்தடை24

தேய்மானம் எங்கே எவ்வளவு வைப்பது? சக்கரக் கால் எப்போது ஒட்டுவது?

இணைப்புக்கோடு

ஸ்பிட்ஃபயரில் விமானி இடப்பக்கக் கதவு வழியாக ஏறுவார். அதனால் இடது இறக்கையின் வேர்ப்பகுதியில் மட்டும் கிழிந்த ஸ்பாஞ்சால் எக்ஸ்எஃப்-16 வெள்ளி தொட்டுத் தொட்டு வையுங்கள், வலது பக்கம் அதில் கால்வாசி. இறக்கை முன்விளிம்பில் துப்பாக்கித் துளை மேல் சிவப்புத் துணி ஒட்டு இருந்தால் அந்தத் துப்பாக்கி இன்னும் சுடவில்லை என்று பொருள். ஒட்டையும் வைத்து, பின்னால் புகைக்கறையும் அடித்தால் இரண்டும் ஒத்துவராது. எக்ஸாஸ்ட் கறைக்கு பழுப்பும் கறுப்பும் கலந்து, 9 பங்கு தின்னர், 10 பிஎஸ்ஐ. ஒரு முறை அடித்தால் ஒன்றுமே தெரியக் கூடாது, ஐந்தாவது முறையில்தான் தெரிய வேண்டும்.

கால்களை மேட் பூச்சுக்குப் பிறகு ஒட்டுங்கள், ஆனால் பெயின்டுக்கு முன்பே பொருத்திப் பார்த்துவிடுங்கள், குழியில் பெயின்ட் சேர்ந்தால் உள்ளே போகாது. அவை செங்குத்தாக நிற்பவை அல்ல. முன்னால் சாய்ந்து, கீழே போகப் போக வெளியே விரியும். இரண்டும் ஒரே கோணமா என்று முன்னாலிருந்து பார்த்து, இறக்கைக்கு அடியில் இரண்டு பக்கமும் ஒரே உயரத்துக்குத் தாங்கல் கொடுத்து ராத்திரி முழுக்க விடுங்கள். டயரின் அடியை 400 தாளில் நாலைந்து இழுப்பு இழுத்துத் தட்டையாக்கி, அந்தத் தட்டை தரையில் முழுதாகப் படும்படி திருப்பி ஒட்டுங்கள். சக்கரத்துக்கு மெதுவாகக் காயும் பசையே நல்லது, திருப்ப நேரம் கிடைக்கும்.