பிரியான் ஆய்வு: ஆய்வகத்தில் வளர்த்த மூளைச் செல்லை எவ்வளவு தூரம் நம்பலாம்?

மருதநிலா:
சி.ஜே.டி. எனப்படும் குரோய்ட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப் மூளை நோய் ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஒருவர் இருவருக்குத்தான் வருகிறது, ஆனால் வந்துவிட்டால் பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் உயிர் போய்விடுகிறது, மருந்து ஒன்றுகூடக் கிடையாது. இத்தனைக்கும் நோயின் வேர் தெரிந்ததுதான். நரம்புச் செல்லின் மேல் இயல்பாகவே இருக்கும் ஒரு புரதம் தப்பாக மடங்கி, பக்கத்தில் இருக்கும் நல்ல புரதத்தையும் தன் வடிவத்துக்கே இழுத்துவிடுகிறது, அந்தத் தப்பு வடிவப் புரதம்தான் பிரியான். சுண்டெலியிலேயே தேடிக்கொண்டிருந்தது போதும், இனி பணமும் ஆளும் பல வகைச் செல்லாக மாறக்கூடிய மனித ஸ்டெம் செல்லிலிருந்து வளர்க்கும் மூளைச் செல்களுக்குப் போக வேண்டும் என்பது என் கட்சி. 2019-ல் அமெரிக்காவின் ராக்கி மவுண்டன் ஆய்வகத்தில், இறந்த நோயாளிகளின் மூளையிலிருந்து எடுத்த பிரியானை, அப்படி வளர்த்த ஆர்கனாய்டு எனும் குட்டி மூளைத் திசு உருண்டைகளுக்குத் தொற்ற வைத்தே காட்டிவிட்டார்கள்.

கேள்விக்குறி:
செல்லை நம்பி மோசம் போனது இந்தத் துறையில் ஏற்கெனவே நடந்திருக்கிறது. குவினாக்ரின் என்ற பழைய மலேரியா மருந்து, தொற்றிய செல்களிலிருந்து பிரியானைத் துடைத்து எடுத்துவிடுகிறது என்று 2001-ல் வெளியானதும் எவ்வளவு ஆரவாரம்! பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். யாருடைய ஆயுளும் நீண்டதாகத் தெரியவில்லை. சாகப்போகிறோம் என்று தெரிந்தவர்களுக்குக் கொடுத்த நம்பிக்கை அது, அதை அவ்வளவு லேசாக எடுத்துக்கொள்ள என்னால் முடியாது.

மருதநிலா:
அது என்ன செல் என்று சொல்லாமல் விட்டால் எப்படி? சுண்டெலியின் நரம்புப் புற்றுச் செல். ஓயாமல் பிரிந்து பெருகுகிற செல்லில் ஒவ்வொரு பிரிவிலும் உள்ளே இருக்கும் பிரியான் பாதி பாதியாகக் குறைந்துகொண்டே போகும், மருந்து லேசாகத் தள்ளிவிட்டாலே காணாமல் போய்விடும். மூளையில் இருக்கும் நரம்புச் செல் பிரிவதே இல்லை. ஆர்கனாய்டில் முதிர்ந்த நரம்புச் செல் இருக்கிறது, அதற்குத் துணை நிற்கும் ஆஸ்ட்ரோசைட் செல் இருக்கிறது, எல்லாமே மனிதச் செல். கசகசா அளவிலிருந்து சிறு பட்டாணி அளவுவரை வெளிர் உருண்டைகளாக ஊட்டத் திரவத்தில் மிதக்கும், மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். நோயாளியின் மூளைத் திசுவை அரைத்து அந்தத் திரவத்தில் கலந்து வைத்துவிட்டு, அப்புறம் கழுவி எடுத்து, ஆறு மாதத்துக்கும் மேல் கண்காணித்தார்கள். நோயில்லாதவரின் மூளைத் திசு கலந்த உருண்டைகளையும் ஒப்பிட வைத்திருந்தார்கள். இரண்டு வகை சி.ஜே.டி. மாதிரிகளில் ஒன்று மற்றதைவிட அதிகமாகப் பெருகியது, சேதமும் இரண்டிலும் ஒரே மாதிரி இல்லை. வகைக்கு வகை நோய் மாறுவது மனிதச் செல்லிலேயே தெரிந்தது என்றால் சாதாரண விஷயமா?

எலியை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. ஐ.என்.டி.24 என்ற மருந்து எலிப் பிரியான் தொற்றிய எலிகளின் ஆயுளை நன்றாகவே நீட்டியது, மனித சி.ஜே.டி. பிரியானிடம் அதன் பாச்சா பலிக்கவில்லை.

கேள்விக்குறி:
சரி, அது பலிக்காது என்று எப்படித் தெரிந்தது? மனிதப் புரத மரபணுவை ஏற்றிய எலிகளில் மனிதப் பிரியானைக் கொடுத்துப் பார்த்துத்தான். நீங்கள் ஒதுக்கச் சொல்லும் அதே எலிதான் உண்மையைச் சொன்னது.

இன்னொன்று, உங்கள் உருண்டையில் இரத்தக் குழாய் இல்லை. மூளையின் காவல் செல்லான மைக்ரோக்ளியா கருவின் மஞ்சட்கருப் பையிலிருந்து மூளைக்குள் குடியேறும் செல், அதனால் வழக்கமான முறையில் வளர்த்த ஆர்கனாய்டில் அதை எதிர்பார்க்க முடியாது. பிரியான் நோயில் வீக்கமும் மைக்ரோக்ளியாவின் எதிர்வினையும் எவ்வளவு பெரிய பங்கு! இரத்தத்தில் உள்ளதை எளிதில் மூளைக்குள் விடாத இரத்த-மூளைத் தடுப்பைத் தாண்டி மருந்து உள்ளே போகுமா என்ற கேள்விக்கு, மருந்தை நேரே ஊட்டத் திரவத்தில் ஊற்றும் சோதனை என்ன பதில் தரும்?

தெளிநீர்:
இரண்டு பேரும் ஆய்வு செய்பவரின் கையை மறந்துவிட்டீர்கள். பிரான்சில் 2010-ல் ஓர் இளம் ஆய்வக ஊழியர், பிரியான் தொற்றிய எலி மூளைத் துண்டுகளைக் கையாளும்போது வளைந்த இடுக்கியின் முனை இரண்டு அடுக்குக் கையுறையையும் துளைத்துக் கட்டைவிரலில் ஏறியது. ஏழு வருடத்துக்கும் மேல் ஒன்றும் இல்லை. பிறகு சி.ஜே.டி. அறிகுறி தொடங்கி 2019-ல் இறந்துபோனார். இன்னொருவருக்கும் நோய் என்று தெரிந்ததும் 2021-ல் அங்குள்ள பொது ஆய்வு நிறுவனங்கள் பிரியான் வேலையையே சில மாதங்கள் நிறுத்திவைத்தன. செல் வளர்ப்பில் கத்திக்கும் ஊசிக்கும் வேலை குறைவு, அந்த வகையில் நான் மருதநிலா பக்கம். ஆனால் மனித சி.ஜே.டி. மாதிரிக்கும் நமக்கும் நடுவே, ஓர் உயிரினத்தின் பிரியான் இன்னோர் இனத்துக்கு எளிதில் தொற்றாமல் தடுக்கும் இனத் தடுப்பு என்று எதுவும் கிடையாது. ஆல்கஹாலும் ஃபார்மலினும் பிரியானை ஒன்றும் செய்யாது, சோடியம் ஹைட்ராக்சைடில் ஒரு மணி நேரம் ஊற வேண்டும், அல்லது 134 டிகிரியில் அழுத்த நீராவி. வெறும் செல்தானே என்று ஆய்வகத்துக்கு ஆய்வகம் தொடங்குவதற்கு முன்னால் இதற்கு வசதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மருதநிலா:
தெளிநீர் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மறுக்க மாட்டேன்.

கேள்விக்குறி, மருந்து மூளைக்குள் போகுமா என்பதை எலியிடமே கேளுங்கள், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் இப்போது எல்லோரும் எதிர்பார்த்திருக்கும் வழி, அந்தப் புரதத்தின் உற்பத்தியையே குறைப்பது. புரத மரபணுவை நீக்கிய எலிக்குப் பிரியான் நோய் வராது என்று 1993-லேயே தெரிந்துவிட்டது. புரதம் செய்வதற்கான செய்தியைச் சுமக்கும் மனித ஆர்.என்.ஏ.வோடு ஒட்டுவதற்காகவே எழுதப்பட்ட மருந்தைச் சாதாரண எலியில் சோதிக்கவே முடியாது, மனித மரபணு எலியில் சோதித்தாலும் அறிகுறி தெரிய மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பத்து மருந்தில் எட்டை முதலிலேயே கழித்துவிட ஆர்கனாய்டு போதும். 2021-ல் அதே ஆய்வகக் குழு பென்டோசான் பாலிசல்ஃபேட் என்ற மருந்தை ஆர்கனாய்டுக்குக் கொடுத்துப் பார்த்தபோது பெருக்கம் குறைந்தது.

கேள்விக்குறி:
பென்டோசான் வேலை செய்யும் என்று எலியில் முன்பே தெரியும். தெரிந்த விடையைத் திருப்பிச் சொன்னதற்காகக் கழித்துவிடும் அதிகாரத்தைத் தூக்கிக் கொடுக்க மாட்டேன். நோயாளிகளிடம் தோற்ற குவினாக்ரினை, எந்தத் தட்டில் எது இருக்கிறது என்று பார்ப்பவருக்கே தெரியாதபடி, மைக்ரோக்ளியா சேர்த்த ஆர்கனாய்டில் போடுங்கள். அது தோற்கும் என்று உங்கள் உருண்டை முன்கூட்டியே சொல்லட்டும், அன்றைக்கு எலிக்கான பணத்தில் பாதியை அங்கே மாற்றச் சொல்லி நானே எழுதுகிறேன்.

மருதநிலா:
பாதி போதும். ஆனால் அந்தச் சோதனைக்கே பணம் வேண்டுமே, அதை எந்தப் பங்கிலிருந்து எடுப்பது என்று சொல்லுங்கள்.