பொருள்: மீன் தொட்டியை "சைக்கிள்" செய்வதற்குத் தமிழில் "பழக்குதல்"

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

போன வாரம் இந்த இழையில் வந்த மடல்களை எல்லாம் உட்கார்ந்து வாசித்தேன். மீன் விடுவதற்கு முன் தொட்டியைத் தயார்செய்கிற, கடைகளில் "சைக்கிள்" என்கிற வேலைக்கு ஆளுக்கொரு தமிழ்ச்சொல் தந்திருக்கிறீர்கள், எல்லாமே யோசித்துத் தந்த சொற்கள். ஆனால் எனக்கு இப்போது "பழக்குதல்" என்ற சொல்லில் மனம் நின்றுவிட்டது. ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக: நெல்லையில் பொதுமக்கள் வந்து பார்க்கிற கடல்மீன் தொட்டி ஒன்றை நாங்கள் பதினைந்து பேர் சேர்ந்து சீர்செய்து வருகிறோம். 20 அடி நீளம், 6 அடி அகலம், 5 அடி ஆழம், ஏறக்குறைய 17,000 லிட்டர் கடல்தண்ணீர். 2023 டிசம்பர் 17, 18 மழையை இந்தப் பக்கத்து ஆள் யாரும் மறக்கமாட்டார், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. அப்போது மின்சாரம் போய், பம்பு நின்று, தொட்டி செத்தது. மீன்கள் மட்டும் சாகவில்லை, வடிகட்டிக்குள் கண்ணுக்குத் தெரியாமல் வேலை பார்த்துக்கொண்டிருந்த நுண்ணுயிர்களும் காற்றில்லாமல் செத்தன. அப்புறம் அப்படியே கிடந்ததை, வீட்டில் மீன் வளர்க்கிற நாங்கள், ஒரு பள்ளி ஆசிரியர், ஒரு ஏசி மெக்கானிக், தூத்துக்குடி உப்பளத்தில் கணக்கெழுதுகிற ஒரு அண்ணாச்சி, கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர் என்று ஞாயிறுதோறும் போய் வேலை பார்க்கிறோம். கூலி கிடையாது. இதைப் "புனரமைப்பு" என்று ஒருவர் எழுதியிருந்தார், தப்பில்லை. ஆனால் எங்கள் ஊரில் குளத்தைக் கூடிச் செப்பனிடுவதற்குக் குடிமராமத்து என்று ஒரு சொல் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. தொட்டியின் அடியில் பழைய மணலை அள்ளிய அன்று, கறுத்துப்போய் அழுகிய முட்டை வாடை அடித்த அந்த அடிமணலைப் பார்த்து "தூர் வாரியாச்சு" என்றுதான் எல்லோர் வாயிலும் வந்தது. அதனால் மராமத்து, தூர் வாருதல் இரண்டையும் அப்படியே எடுத்துக்கொண்டோம், அதில் விவாதமே எழவில்லை.

சரி, விவாதத்துக்கு உரிய சொல்லுக்கு வருகிறேன்.

புதுத் தொட்டியில் கடல்தண்ணீர் நிரப்பிய உடனே மீன் விடக்கூடாது. மீன் தன் செவுள் வழியாக அமோனியாவை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும், அது நஞ்சு. கடல்தண்ணீரின் பி.எச். 8.1, 8.2 என்று காரப்பக்கமாக இருப்பதால் அந்த நஞ்சின் வேகம் நல்ல தண்ணீரில் இருப்பதைவிடக் கூடுதல். அதை நைட்ரைட்டாக மாற்ற ஒரு வகை நுண்ணுயிர், நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்ற இன்னொரு வகை. இந்த இரண்டும் தொட்டிக்குள் குடிவந்து பெருகி, மீன் போடுகிற கழிவுக்கு ஈடுகொடுக்கிற அளவுக்கு வளர நாலு முதல் ஆறு வாரம் ஆகும். இந்தக் காத்திருப்புக்குத்தான் மீன் கடைகளில் "சைக்கிள்" என்கிறார்கள். "டேங்க் சைக்கிள் ஆயிடுச்சா?" என்று கேட்பார்கள். பள்ளியில் நைட்ரஜன் சுழற்சி என்று படித்தது நினைவில் இருந்ததால், நானும் முதலில் "சுழற்சி" என்றுதான் எழுதினேன்.

அங்கேதான் அடி விழுந்தது. சிறிய தனித்தொட்டி ஒன்றில், ஆயிரம் லிட்டர் இருக்கும், புதுத் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தோம். பலகையில் "சுழற்சி முடிந்த பின் மீன் விடவும்" என்று என் கையால் எழுதினேன். மறுநாள் சாயங்காலம் முறைக்கு வந்த தம்பி அதை வாசித்துவிட்டு, பம்பு ஓடுகிறதா என்று பார்த்திருக்கிறான், தண்ணீர் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது, உவரியிலிருந்து வந்த ஆறு ஓரா மீன்களை உள்ளே விட்டுவிட்டான். அவனைக் கேட்டபோது சொன்னது இது: "மோட்டாரு ராத்திரி பூரா சுத்திக்கிட்டுதான அண்ணாச்சி கெடந்துச்சு." அவன் வாசித்ததில் ஒரு தப்பும் இல்லை. தமிழில் தண்ணீர் சுழற்சி என்றால் தண்ணீர் சுற்றுவதுதான். மூன்றாம் நாள் காலையில் ஆறு மீன்களும் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன, செவுள் படபடவென்று அடித்தது. அமோனியாச் சோதனைக் குழாயில் மஞ்சளாக இருக்கவேண்டிய தண்ணீர் கரும்பச்சையாக நின்றது. பாதித் தண்ணீரை மாற்றியும் நாலு போய்விட்டன. ஒரு சொல் சரியில்லாததால் நாலு உயிர் போனது எனக்கு இன்னும் ஆறவில்லை, இந்த இழையைத் தொடங்கியதே அதனால்தான்.

ஆகவே "சுழற்சி" வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். நைட்ரஜன் சுழற்சி பாடத்தில் இருக்கட்டும், தொட்டியில் செய்கிற வேலைக்கு அது பெயராக வேண்டாம்.

இனி நீங்கள் தந்தவை.

> "நுண்ணுயிர்க் குடியேற்றம்" என்றால் நடப்பது என்னவோ அதை அப்படியே சொல்கிறது.

உண்மை, பொருள் துல்லியம். ஆனால் இதை வினையாக்கிப் பாருங்கள். "தொட்டி நுண்ணுயிர்க் குடியேற்றம் ஆகிவிட்டதா?" ஞாயிற்றுக்கிழமை கையில் வாளியோடு நிற்கிற ஒருவர் இன்னொருவரிடம் கூவிக் கேட்கிற சொல்லாக இது நிற்காது. கட்டுரையில் விளக்கமாக வரட்டும்.

> "முதிர்ச்சி" எளிமையாக இல்லையா? முதிர்ந்த தொட்டி, முதிராத தொட்டி.

இதை முதலில் நான் மிகவும் விரும்பினேன். ஆனால் முதிர்வது தானாக நடப்பது, பழம் முதிர்வதைப் போல, ஆள் முதிர்வதைப் போல. இங்கே நாங்கள் ஒன்றைச் செய்கிறோம்: நுண்ணுயிருக்குத் தீனியாக நவச்சாரம் போடுகிறோம், அளந்து பார்க்கிறோம், காற்று விடுகிறோம். சும்மா தண்ணீரை ஊற்றி ஆறு வாரம் காத்திருந்தால் முதிராது, தீனி இல்லாமல் வெறும் தண்ணீராகவே நிற்கும். செய்பவர் ஒருவர் இருக்கிறார் என்பது சொல்லில் தெரியவேண்டும். (நவச்சாரம் என்றதும் ஒருவர் திகைத்திருந்தார். ஈயம் பூசுகிறவர் பித்தளைப் பானையில் தேய்ப்பாரே அதேதான், அமோனியம் குளோரைடு. ஆனால் கடையில் கட்டியாகக் கிடைப்பதைப் போடாதீர்கள், ஆய்வகத்துக்கு விற்கிற சுத்தமான பொடி வேண்டும். எங்கள் பெரிய தொட்டிக்கு ஒரு தடவைக்கு நூறு கிராமுக்குச் சற்று மேல், அதற்கே அமோனியா லிட்டருக்கு 2 மில்லிகிராம் வந்துவிடும்.)

இப்போது "பழக்குதல்". இது எனக்கு அடுப்படியிலிருந்து வந்தது.

வடிகட்டிக்குள் நுண்ணுயிர் ஒட்டிக்கொள்ள நுண்துளை உள்ள பொருள் வேண்டும். கடையில் விற்கிற சுட்ட மண் வளையங்கள் இவ்வளவு பெரிய தொட்டிக்குக் கட்டுப்படியாகாது. காருகுறிச்சியில் சூளையில் உடைந்த சட்டி பானைகளை மூட்டையாக வாங்கி, மெருகு பூசாததாகப் பார்த்துப் பொறுக்கி, ஓட்டாஞ்சில்லாக உடைத்து, கழுவி நிரப்பினோம். அன்றைக்கு உடையாத ஒரு குழம்புச் சட்டியை வீட்டுக்கு எடுத்துப் போனேன். எங்கள் ஆச்சி அதை வாங்கி உடனே அடுப்பில் வைக்கவில்லை. ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப் போட்டார். மறுநாள் அரிசி களைந்த தண்ணீரை ஊற்றிச் சின்னத் தீயில் கொதிக்கவிட்டு, இறக்கி, ஆறவைத்து, மறுபடியும். மூன்று நாள். மண்ணின் துளைகளில் கஞ்சி இறங்கி அடைத்து, சட்டியின் உள்பக்கம் செம்மண் நிறத்திலிருந்து மெல்லக் கறுத்து, விரலால் தடவினால் வழவழப்பு தட்டியது. "இப்பதான் பழகியிருக்கு, இனிமே புளி ஊத்தலாம். சோப்பு மட்டும் போட்டுராத, பழக்கினதெல்லாம் போயிரும்" என்றார்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். சுட்ட மண்ணின் துளைக்குள் ஒன்று போய்க் குடியிருந்து, அந்தப் பாத்திரத்தைப் புழக்கத்துக்குத் தகுதியாக்குவது. அவசரப்பட்டால் கெடுவது. சோப்பு போட்டால் சட்டி கெடுவதைப் போல, வடிகட்டிப் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவினால் அதிலிருக்கும் குளோரின் நுண்ணுயிரைக் கொன்றுவிடும், தொட்டித் தண்ணீரிலேயே அலசவேண்டும். இத்தனை பொருத்தம் இருக்கிற ஒரு சொல், தோசைக்கல்லைப் பழக்குகிற எல்லா வீட்டிலும் வழங்குகிற சொல், நம் கையில் இருக்கும்போது வேறு எதற்குப் போகவேண்டும்?

அது வளைந்தும் கொடுக்கிறது. தொட்டியைப் பழக்கு, தொட்டி பழகிவிட்டது, பழகிய தொட்டி, பழகாத தொட்டி, பழக்கு நாள். "பழகாத தொட்டியில் மீன் விடாதே" என்று பலகையில் எழுதினால், அந்தத் தம்பி என்றில்லை, பம்பு பழுதுபார்க்க வருகிறவருக்கும் புரியும்.

யாழ்ப்பாணத்து நண்பர் எழுப்பிய மறுப்பு உண்மையிலேயே கனமானது:

> கடையிலிருந்து கொண்டுவந்த மீனைப் புதுத் தண்ணீருக்குக் கொஞ்சம் கொஞ்சமாய்ப் பழக்குவதையும் பழக்குதல் என்றுதானே சொல்லுவோம். இரண்டும் ஒரே பேச்சில் வந்தால் என்ன செய்வது?

இரண்டு நாள் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். பையில் வந்த மீனைத் தொட்டிக்குள் மிதக்கவிட்டு, சூடு சமமான பிறகு சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீரைச் சேர்ப்பது வேறு வேலை, அதற்குத் தனிச்சொல் வேண்டும். அதற்கு "இணக்குதல்" என்று வைத்துக்கொள்ளலாமா? மீனைத் தண்ணீரோடு இணக்குகிறோம், மீன் இணங்கிவிட்டது. தொட்டியைப் பழக்கு, மீனை இணக்கு. வாயில் சொல்லிப் பார்த்தேன், குழம்பவில்லை. பேச்சில் யாராவது "மீனைப் பழக்கு" என்றாலும் செயப்படுபொருள் மீன் என்று தெரிந்துவிடுகிறது, மீன் சாகிற குழப்பம் இல்லை. சுழற்சியில் இருந்த குழப்பம் அப்படிப்பட்டதல்ல.

பழக்குதலுக்குப் பதிலாக, பாலுக்கு விடுகிற "உறை"யைச் சொல்லாகத் தந்த தங்கைக்கு: உங்கள் சொல்லை நான் விடவில்லை, வேறு இடத்தில் வைக்கிறேன். பழகிய தொட்டி ஒன்றிலிருந்து கொஞ்சம் பஞ்சோ ஓட்டாஞ்சில்லோ எடுத்துப் புதுத் தொட்டியில் போட்டால் வேலை சீக்கிரம் முடியும், பாலில் ஒரு கரண்டி மோர் விடுவதைப் போல. நுண்ணுயிர் பெரும்பாலும் பரப்பில்தான் ஒட்டியிருக்கும், தண்ணீரில் மிகக் குறைவு, அதனால் பழைய தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றிப் பயனில்லை. அந்தப் பஞ்சுக்கு "உறைப்பஞ்சு", அதைப் போடுவதற்கு "உறையிடுதல்". "உறைக்கல்" மட்டும் வேண்டாம், காதில் தங்கம் தேய்க்கிற உரைகல் போல விழுகிறது.

நுண்ணுயிருக்கு இடமாகத் தொட்டியில் வைக்க, கடலிலிருந்து எடுத்த பவளப்பாறைக்கு "உயிர்ப்பாறை" என்ற சொல்லைக் கேட்டிருந்தீர்கள். சொல் நன்றாக இருக்கிறது. ஆனால் நம் கடலில் அதை எடுக்கிற பேச்சே கூடாது. பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கின்றன, மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. தூத்துக்குடிக்கு வடக்கே விலாங்குசல்லித் தீவு தண்ணீருக்குள் போய்விட்டது. பவளத்தை வெட்டிச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் ஏற்றிப்போன காலத்தின் வினை அது. நாங்கள் ஓட்டாஞ்சில்லுக்குப் போனதற்கு விலை மட்டும் காரணமில்லை.

நுரையை மேலே தள்ளி அழுக்கெடுக்கிற கருவிக்கு "நுரைவாரி" என்று யாருடைய மறுப்பும் இல்லாமல் முடிந்துவிட்டது. பதனீர் காய்ச்சும்போது நுரை வாருகிற ஊரில் அது தானாகவே ஒட்டிக்கொண்டது. தண்ணீரின் உப்பளவுக்குத் தனிச்சொல் தேடவில்லை, உப்பளத்து அண்ணாச்சி "டிகிரி" (பாமே அளவு, சூடு அல்ல) என்கிறார், கடல்தண்ணீர் மூன்று மூன்றரை, உப்பு விளைவது இருபத்தைந்தை ஒட்டி, எல்லோருக்கும் பிடிபட்டுவிட்டது.

ஒன்றே ஒன்று பாக்கி. தொட்டி எப்போது பழகிவிட்டது என்று வரையறை வேண்டும், இல்லாவிட்டால் சொல் மறுபடியும் ஆளுக்கொரு பொருளாகிவிடும். நான் எழுதியது இது: "லிட்டருக்கு 2 மில்லிகிராம் அமோனியா வரும்படி நவச்சாரம் இட்டு, 24 மணி நேரத்தில் அமோனியாவும் நைட்ரைட்டும் இரண்டுமே சுழியம் காட்டினால் அது பழகிய தொட்டி." சுழியமா பூச்சியமா என்று சண்டை வரும், எனக்கு இரண்டும் சம்மதம்.

பெரிய தொட்டியில் இன்று பழக்கு நாள் 26. காலையில் அமோனியாக் குழாய் மஞ்சளாகவே நின்றது, நைட்ரைட் குழாய் இன்னும் ஊதா, அதாவது நைட்ரைட் இன்னும் இருக்கிறது. இரண்டாவது வகை நுண்ணுயிர் எப்போதும் பிந்தித்தான் வரும், அதனால் கவலையில்லை. விடப்போகிற மீன்கள், கலவாவும் கிளாத்தியும் வண்ணாத்தியும், இன்னும் வரவில்லை, கேட்டும் வைக்கவில்லை.

தொட்டிக்கு முன்னால் பார்வையாளர் வாசிக்க ஒரு பலகை வைக்கிறோம், அதில் இந்தச் சொற்கள் வரும். எழுதுகிறவர் வியாழக்கிழமை பெயிண்ட்டோடு வருகிறார். "பழக்குதல்", "இணக்குதல்", "உறைப்பஞ்சு" மூன்றில் எதற்காவது மறுப்பு இருந்தால் புதன் இரவுக்குள் எழுதிவிடுங்கள். "இணக்குதல்" பற்றி முக்கியமாகச் சொல்லுங்கள், அதில்தான் எனக்கு இன்னும் கொஞ்சம் தயக்கம்.

அன்புடன்,
பாளையங்கோட்டையிலிருந்து